படம் எடுத்தால் என்ன மாறும்? கோவிட் காலத்து அவசர சிகிச்சைப் பிரிவும் ஸ்கேன் அறையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2020 பிப்ரவரி 13 அன்று சீனாவின் ஹூபே மாகாணம் வெளியிட்ட கணக்கு உலகத்தையே திடுக்கிட வைத்தது. ஒரே நாளில் 14,840 புதிய கோவிட் நோயாளிகள். அதற்கு முந்தின நாள்களில் அந்த எண் தினமும் இரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. கிருமியின் வேகம் ஒரே இரவில் கூடிவிடவில்லை. எண்ணும் முறை மாறியிருந்தது. அந்த 14,840 பேரில் 13,332 பேருக்கு ஆய்வகப் பரிசோதனையின் உறுதி கிடையாது. அறிகுறிகள் இருந்து, ஸ்கேனில் நிமோனியாவும் தெரிந்தால் நோயாளி என்றே சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்த முறை ஏறக்குறைய ஒரு வாரம் நீடித்தது, அப்புறம் கைவிடப்பட்டது.

அந்த முடிவை இன்று குறை சொல்வது சுலபம். அன்றைய நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆர்டி-பிசிஆர் பரிசோதனைப் பெட்டிகள் போதவில்லை. மாதிரி எடுத்தால் முடிவு வர நாள்கணக்கில் ஆனது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மூச்சுத் திணறலோடு வரிசை நிற்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சி.டி. கருவி இருக்கிறது, பத்து நிமிடத்தில் பதில் சொல்கிறது. எந்த மருத்துவரும் அதைத்தான் நாடியிருப்பார். படுக்கையும் தனிமைப்படுத்தலும் பரிசோதனை முடிவுக்காகக் காத்துக்கொண்டு நின்ற அந்த வாரத்துக்கு அது சரியான முடிவு என்பதுதான் என் கருத்து. சிக்கல், அதே பழக்கத்தை உலகின் மற்ற மருத்துவமனைகளும் கேள்வியில்லாமல் எடுத்துக்கொள்ளப் பார்த்தபோது தொடங்கியது.

கொள்ளைநோய்க் காலத்தில் மார்புப் படத்துக்கு இந்த அதிகாரம் கிடைப்பது முதல் தடவை இல்லை. 2003ல் சார்ஸ் பரவியபோது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையே அப்படித்தான் இருந்தது: சந்தேகத்துக்குரிய நோயாளியின் மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தால் அவர் 'பெரும்பாலும் சார்ஸ்' என்ற பட்டியலுக்கு மாறுவார். புதுக் கிருமி வரும்போது பரிசோதனை முறை வந்து சேரக் கொஞ்ச காலம் பிடிக்கும். எக்ஸ்ரே கருவி ஏற்கெனவே அங்கே இருக்கும். அதனால் அடுத்த தொற்றிலும் முதல் சில வாரங்களில் பாரம் படம் எடுக்கும் அறையின் மேல்தான் விழும்.

வூஹானின் 1,014 பேர்

அந்த பிப்ரவரியில் வூஹானிலிருந்து வந்த ஓர் ஆய்வு எல்லோர் கையிலும் சுற்றியது. 1,014 பேருக்குச் சி.டி.யும் ஆர்டி-பிசிஆரும் எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆய்வகம் 'பாசிட்டிவ்' என்று சொன்னவர்களில் 97 சதவீதம் பேருக்குச் சி.டி.யிலும் நோய் தெரிந்தது. இந்த ஓர் எண்தான் செய்தியானது. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருந்தது: ஆய்வகம் 'நெகட்டிவ்' என்று சொன்னவர்களில் 25 சதவீதம் பேரின் ஸ்கேன் மட்டுமே சுத்தமாக இருந்தது. மற்ற முக்கால்வாசிப் பேரின் நுரையீரலிலும் சந்தேகப்படும்படி ஏதோ தெரிந்தது. அவர்களில் சிலரை ஆர்டி-பிசிஆர் தவறவிட்டிருக்கலாம், உண்மைதான். ஆனால் கிரவுண்ட் கிளாஸ் என்று சொல்லும் மங்கலான திட்டுகள் கோவிடுக்கு மட்டும் சொந்தமானவை கிடையாது. வேறு வைரஸ் நிமோனியா, சில மருந்துகளின் பக்கவிளைவு, நுரையீரலில் நீர் கோப்பது, ரத்தக் கசிவு என எத்தனையோ காரணங்களில் அதே தோற்றம் வரும். ஊரெல்லாம் கோவிட் இருக்கும்போது ஒரு திட்டைப் பார்த்துக் கோவிட் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நோய் குறைவாக இருக்கும் ஊரில் அதே வாக்கியம் பெரும்பாலும் தப்பாகப் போகும்.

எதிர்ப்பக்கமும் கவலைக்குரியதே. சீனாவில் 121 நோயாளிகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், அறிகுறி தொடங்கி முதல் இரண்டு நாளுக்குள் ஸ்கேன் எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு நுரையீரல் இயல்பாகவே இருந்தது. காய்ச்சல் வந்த மறுநாளே பயந்துபோய் ஸ்கேன் எடுத்து, 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போனவர் அன்று மாலை குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பார். மருத்துவம் அவருக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிடை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே நாளில், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கக் கதிரியல் கல்லூரி ஓர் அறிவுரையை வெளியிட்டது: கோவிட் இருக்கிறதா என்று சலித்தெடுக்கவோ, நோயை உறுதி செய்யும் முதல் பரிசோதனையாகவோ சி.டி.யைப் பயன்படுத்த வேண்டாம். அதோடு அது சொன்ன காரணங்களில் ஒன்று படத்தின் துல்லியத்தோடு சம்பந்தப்பட்டதே இல்லை. அது அறையைப் பற்றியது. இந்த நிகழ்வின் மையம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு அறை, ஒரு மணி நேரம்

சி.டி. கருவி வேகமானது. மார்பை ஸ்கேன் செய்ய ஒரே மூச்சுப் பிடிப்பு போதும். ஆனால் தொற்று இருக்கும் நோயாளி எழுந்து போன பிறகும் அவர் விட்ட மூச்சு அறைக்குள் இருக்கிறது. அது வெளியேறும் வேகம், ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று எத்தனை தடவை முழுதாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, மணிக்கு 6 தடவை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் நீங்க 46 நிமிடம் ஆகும். 99.9 சதவீதம் வேண்டுமென்றால் 69 நிமிடம். மணிக்கு 12 தடவை மாறினால் இவை 23, 35 நிமிடமாகக் குறையும். பெரும்பாலான சி.டி. அறைகள் கருவியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவும் கதிர்வீச்சு வெளியே போகாமல் தடுக்கவும் கட்டப்பட்டவை. காற்றை வெளியேற்றுவது அங்கே யாருடைய முதல் கவலையாகவும் இருந்ததில்லை. தொற்று நோயாளிக்குப் படம் எடுத்த பிறகு அறை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கிடைக்காமல் போகலாம் என்று கல்லூரியின் அறிவுரையே எச்சரித்தது.

இதை அவசரப் பிரிவின் கணக்கில் போட்டுப் பாருங்கள். சாதாரண நாளில் ஒரு கருவி மணிக்கு மூன்று நான்கு பேரைப் பார்த்துவிடும். தலையில் அடிபட்டவர், சிறுநீரகக் கல் வலியோடு வந்தவர், பக்கவாதம், விபத்து. அந்த வரிசையில் ஒரு கோவிட் மார்பு ஸ்கேனை நுழைத்தால் அது எடுத்துக்கொள்வது பத்து நிமிடமல்ல, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பக்கவாத நோயாளி ஒருவர் வந்தால் என்ன செய்வது? மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. மருத்துவமனையில் கருவி ஒன்றே ஒன்று என்றால், தேவையில்லாமல் எடுத்த ஒரு கோவிட் ஸ்கேனின் விலையை முன்பின் தெரியாத இன்னொருவரின் மூளை கொடுக்கிறது.

அதனால்தான் எங்கு பார்த்தாலும் அதே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: இந்தப் படத்தை எடுத்தால் இந்த நோயாளிக்கு என்ன மாறும்? நிமோனியா இருப்பது தெரியும், ஆக்ஸிஜன் அளவு இறங்கியிருக்கிறது, எப்படியும் வார்டில் சேர்க்கத்தான் போகிறோம். ஸ்கேன் என்ன சொன்னாலும் அடுத்த அடி அதுவேதான் என்றால் படம் காத்திருக்கலாம். 2020 ஏப்ரலில், மார்புப் பட நிபுணர்களின் அமைப்பான ஃபிளைஷ்னர் சங்கத்தின் சார்பில் பத்து நாடுகளின் நிபுணர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கையும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. லேசான அறிகுறி உள்ளவருக்கு, நோய் முற்றும் அபாயம் இருந்தால் ஒழியப் படம் வேண்டாம். நடுத்தரம் முதல் கடுமையான அறிகுறி என்றால் எடுக்கலாம். பரிசோதனை வசதி தட்டுப்பாடாக இருக்கும் இடத்தில் நோயாளிகளைப் பிரித்தனுப்பப் படத்தை நம்பலாம். அந்த மூன்றாவது வாசகம் எனக்குப் பிடித்தது. ஹூபேயின் முடிவு எந்த நிலைமையில் சரி என்பதை அது நேர்மையாக ஒத்துக்கொள்கிறது. அந்த ஜூன் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் ஏறக்குறைய அங்கேதான் வந்து சேர்ந்தது: ஆர்டி-பிசிஆர் முடிவு நேரத்துக்குக் கிடைத்தால் நோயறியப் படம் வேண்டாம், தாமதமானால் எடுக்கலாம்.

கண்ணாடிக்கு வெளியே எக்ஸ்ரே

சி.டி. அறைக்கு நோயாளியைக் கொண்டுபோவது சிக்கல் என்றால், கருவி நோயாளியிடம் போக வேண்டும். அப்படித்தான் நடமாடும் எக்ஸ்ரே வண்டி மறுபடியும் முன்வரிசைக்கு வந்தது. அதன் துல்லியம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஹாங்காங்கில் 64 கோவிட் நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது முதல் எக்ஸ்ரேயில் நோய் தெரிந்தது 69 சதவீதம் பேருக்கு. படத்தில் நோய் உச்சத்தைத் தொட்டது அறிகுறி தொடங்கிய பத்தாவது நாள் முதல் பன்னிரண்டாவது நாளுக்குள். நோய் இருக்கிறதா என்று கேட்டால் எக்ஸ்ரே பலவீனமான சாட்சிதான். எவ்வளவு கடுமை, நேற்றைவிட இன்று எப்படி என்று கேட்டால் நல்ல சாட்சி. இத்தாலியின் பிரேஷியா நகர மருத்துவர்கள் அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு எளிய முறையை உருவாக்கினார்கள். நுரையீரல்களை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 18க்கு எவ்வளவு என்று எழுதினார்கள். ஷிப்ட் மாறி வரும் மருத்துவருக்கு நேற்று 6, இன்று 11 என்று பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும்.

கண்ணாடிக் கதவு உள்ள அறைகளில் சில மருத்துவமனைகள் ஒரு படி மேலே போய், வண்டியை உள்ளேயே கொண்டுபோகாமல் படம் எடுத்தன. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அறைக்குள் கவச உடையோடு ஏற்கெனவே நோயாளியைக் கவனித்துக்கொண்டிருக்கும் செவிலியர் ஒருவர் இருக்கிறார். படம் பதியும் தட்டை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் தட்டைச் செருகி, மூடிய கதவின் பக்கம் அவர் முகம் திரும்பும்படி கட்டிலைத் தள்ளுகிறார். கதவுக்கு வெளியே டெக்னீஷியன் எக்ஸ்ரே குழாயைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுவந்து, வெளிச்சக் கட்டத்தை நோயாளியின் மார்பில் விழும்படி திருத்துகிறார். கண்ணாடி கொஞ்சம் கதிரை விழுங்கும், தூரமும் வழக்கத்தைவிட அதிகம் என்பதால் அளவைச் சற்று ஏற்றிவைக்கிறார். 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று வழக்கம்போலச் சொன்னால் உள்ளே கேட்காது. அதனால் கையை உயர்த்தினால் மூச்சை இழுக்க வேண்டும், மடக்கினால் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். படம் எடுத்தானதும் வெளி உறை உள்ளேயே குப்பைக்குப் போகிறது, உள் உறையோடு தட்டு வாசலில் கைமாறுகிறது, துடைக்கப்படுகிறது. டெக்னீஷியன் ஒரு கவச உடையைக்கூடச் செலவழிக்கவில்லை, வண்டிக்கும் தலைமுதல் கால்வரை கிருமிநாசினித் துடைப்பு தேவைப்படவில்லை. உடைகள் தட்டுப்பாடாக இருந்த அந்த மாதங்களில் இது சாதாரண மிச்சம் இல்லை.

கண்ணாடிக் கதவு இல்லாத இடங்களில் இருவர் குழுதான் வழி. ஒருவர் நோயாளியைத் தொடுவார், மற்றவர் கருவியைத் தவிர எதையும் தொடமாட்டார். யார் எந்தப் பக்கம் என்பதை அறைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். உள்ளே போனபிறகு மறந்துபோய் ஒரு கை ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டால் கருவி முழுவதையும் துடைக்க வேண்டியிருக்கும்.

அல்ட்ராசவுண்டின் கதை இதைவிடச் சுருக்கமானது. நோயாளியைப் பரிசோதிக்க எப்படியும் உள்ளே போகும் மருத்துவரே சட்டைப்பை அளவுக் கருவியை உறையில் போட்டு எடுத்துப்போய், நுரையீரலின் விளிம்பையும் நீர் கோத்திருப்பதைக் காட்டும் செங்குத்துக் கோடுகளையும் பார்த்துவிடலாம். இன்னொருவர் உள்ளே வரத் தேவையில்லை. இதயத்தையும் அதே கையோடு பார்க்கலாம். குறை என்னவென்றால், பார்ப்பவரின் பழக்கத்தைப் பொறுத்து முடிவு மாறும். நடுப்பகுதியில் ஒளிந்திருக்கும் நோய் இதில் தெரியவே தெரியாது.

வராமல் போனவர்கள்

கோவிட் நோயாளிகளால் ஸ்கேன் அறைகள் நிரம்பி வழிந்தன என்பது பொதுவான நினைப்பு. பல இடங்களில், பல வாரங்களுக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் 2020 மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரையான நான்கு வாரங்களில் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 42 சதவீதம் குறைந்தது. வாரத்துக்கு சராசரி 21 லட்சமாக இருந்தது 12 லட்சமாக இறங்கியது. சுளுக்கும் சளியும் வராமல் இருந்தால் பரவாயில்லை. ஆனால் தேசிய அவசரநிலை அறிவிக்கப்பட்ட பின் வந்த பத்து வாரங்களில் மாரடைப்புக்காக வந்தவர்கள் 23 சதவீதமும் பக்கவாதத்துக்காக வந்தவர்கள் 20 சதவீதமும் குறைந்தார்கள். கிருமிக்குப் பயந்து ஊரில் யாருக்கும் ரத்தக்குழாய் அடைபடாமல் இருந்துவிடாது. அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.

இதைப் படப்பிடிப்பின் பக்கத்திலிருந்தே அளந்த ஓர் ஆய்வு உண்டு. பக்கவாத நோயாளியின் மூளை ஸ்கேனை அலசிச் சொல்லும் ஒரு மென்பொருள் அமெரிக்காவில் 856 மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஸ்கேனும் அதன் வழியாகப் போவதால், எத்தனை பேருக்குப் படம் எடுத்தார்கள் என்ற கணக்கு தானாகவே சேர்ந்தது. 2020 பிப்ரவரியில் ஒரு மருத்துவமனைக்கு ஒரு நாளைக்கு 1.18 பேர். மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரை 0.72 பேர். அதாவது 39 சதவீதச் சரிவு. வயது, பால், பக்கவாதத்தின் கடுமை என எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் சரிவு இருந்தது. லேசான பக்கவாதக்காரர் வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்றால், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும் குறைந்திருந்தார்கள். என் மனதை இன்றும் உறுத்துவது இந்த எண்தான்.

இதயப் பரிசோதனைகளிலும் இதே கதை. சர்வதேச அணுசக்தி முகமை 108 நாடுகளில் 909 மையங்களைக் கேட்டுப் பார்த்தது. இதய நோயறியும் பரிசோதனைகள் 2019 மார்ச்சை ஒப்பிட 2020 மார்ச்சில் 42 சதவீதமும், ஏப்ரலில் 64 சதவீதமும் குறைந்திருந்தன. இவற்றில் பெரும்பாலானவை முன்பதிவில் நடப்பவை. ஆனாலும் இன்று தள்ளிப்போடப்பட்ட பரிசோதனை சில மாதம் கழித்து நெஞ்சுவலியாக அவசரப் பிரிவின் வாசலுக்கு வரும்.

தாமதமாக வருபவர்களுக்குப் படமும் வேறு மாதிரி தேவைப்படும். பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் வந்தவருக்கு, ரத்தக் கசிவு இல்லை என்பதைக் காட்டும் ஒரு சாதாரணத் தலை ஸ்கேன் இருந்தாலே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை யோசிக்கலாம். பதினைந்து மணி நேரம் வீட்டில் யோசித்துவிட்டு வந்தவருக்கு அது போதாது. மூளையில் எவ்வளவு செத்துவிட்டது, எவ்வளவை இன்னும் காப்பாற்றலாம் என்று பிரித்துக் காட்டும் ரத்த ஓட்ட ஸ்கேன் வேண்டும். வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்த ஒவ்வொருவருக்கும் வேலை கூடுதல், அதுவும் சுத்தம் செய்யக் காத்திருக்கும் அறையில்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. முகம் கோணி, பேச்சு வராமல் ஆம்புலன்ஸில் வந்து இறங்குபவரிடம் காய்ச்சல் இருந்ததா, இருமல் இருந்ததா என்று எப்படிக் கேட்பது? கூட வந்தவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாதபோது எல்லோருக்கும் தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு, நோயாளிக்கு முகக்கவசம் போட்டு, குழுவைச் சுருக்கி, நேராகச் சி.டி. அறைக்கு ஓடும் முறை பல நாடுகளில் வந்தது. இது நல்ல முடிவு. ஆர்டி-பிசிஆர் முடிவுக்காகப் பக்கவாத நோயாளியைக் காக்கவைப்பது எந்தக் கணக்கிலும் நியாயப்படாது.

வேறு காரணத்துக்காக வந்தவர்கள்

வயிற்று வலி என்று வருகிறார் ஒருவர். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. குடல்வாலா, பித்தப்பையா என்று பார்க்க வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள். வயிற்று ஸ்கேனின் மேல் பகுதியில் நுரையீரலின் அடிப்பாகம் கொஞ்சம் தெரியும். கோவிட் முதலில் இறங்கும் இடங்களில் ஒன்று அந்த அடிப்பாகம். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேனில் நுரையீரலின் உச்சி தெரியும். இப்படி வேறு எதையோ தேடப் போய் மங்கல் திட்டைக் கண்டு கதிரியல் மருத்துவர் அவசரப் பிரிவுக்குப் போன் செய்த சம்பவங்கள் உலகமெங்கும் பதிவாகியிருக்கின்றன. அந்தப் போன் வரும்போது நோயாளி பொது வரிசையில் நாலு பேருக்கு நடுவே படுத்திருப்பார். அறிகுறியே இல்லாதவர்களிடமும் இது எவ்வளவு சாதாரணம் என்பதை, கோவிட் பரவிய டைமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பல் காட்டியது. அந்தக் கப்பலில் தொற்று உறுதியாகி ஸ்கேன் எடுக்கப்பட்ட 104 பேரில் 76 பேருக்கு அறிகுறி இல்லை. அந்த 76 பேரில் 41 பேரின் நுரையீரலில் திட்டுகள் இருந்தன. வயிற்று ஸ்கேனைப் படிக்கும்போது மேலே உள்ள அந்த நாலைந்து படங்களை நுரையீரலுக்கான அமைப்பில் மாற்றிப் பார்க்காமல் அறிக்கையை முடிக்கக்கூடாது என்ற ஒழுங்கு அந்த ஆண்டில் பலருக்கு இறுகியது. பெருந்தொற்று இல்லாத காலத்திலும் அது இருக்க வேண்டிய ஒழுங்குதான்.

2020 ஏப்ரல் இறுதியில் பிரான்சிலிருந்து வந்த இரண்டு ஆய்வுகள் ஸ்கேன் எடுக்கும் காரணத்தையே மாற்றிப்போட்டன. பெசான்சோன் நகரில் கடுமையான கோவிட் நோயாளிகள் 100 பேருக்கு, ரத்தக்குழாயைப் படத்தில் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்ததில் 23 பேரின் நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்ட்ராஸ்பூர்கில் 106 பேரில் 32 பேருக்கு இருந்தது. அதுவரை பல இடங்களில் 'கோவிடா இல்லையா' என்பதற்காக மருந்து செலுத்தாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரியாது. ஆக்ஸிஜன் திடீரென்று இறங்கினால், நிமோனியாவின் அளவுக்குப் பொருந்தாத மூச்சுத் திணறல் இருந்தால், கான்ட்ராஸ்டோடு எடுக்க வேண்டும் என்ற தெளிவு இந்த ஆய்வுகளுக்குப் பிறகு வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் அளவையே மாற்றக்கூடிய படம் இது. ஒரு மணி நேரம் அறையை மூடிவைத்தாலும் எடுத்தே தீர வேண்டிய ஸ்கேன் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஊரடங்கின் இன்னொரு முகமும் எக்ஸ்ரேயில் பதிந்தது. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனை, 2020 மார்ச் 11 முதல் மே 3 வரை இல்வாழ்க்கைத் துணையின் வன்முறைக்கு ஆளாகி வந்தவர்களின் படங்களை முந்தைய மூன்று ஆண்டுகளின் அதே வாரங்களோடு ஒப்பிட்டது. உதவி கேட்டு வந்தவர்கள் குறைவு. ஆனால் உடற்காயங்களோடு வந்தவர்கள் அதிகம், காயங்களின் கடுமையும் அதிகம். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள், தாங்க முடியாத கட்டத்தில்தான் வந்தார்கள். எலும்பு முறிவு ஒன்றை அறிக்கையில் எழுதும்போது, சொல்லப்பட்ட காரணம் அந்த முறிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கடமை கதிரியல் மருத்துவருக்கும் உண்டு. துணை கூட வரத் தடை இருந்த அந்த நாள்களில் ஸ்கேன் அறை, ஒரு பெண் தனியாக நின்று பேசக்கூடிய அபூர்வமான இடமாகவும் இருந்தது. அந்த வாய்ப்பை எத்தனை பேர் பயன்படுத்தினோம் என்று துறை முழுவதும் யோசிக்க வேண்டும்.

அறிக்கையின் மொழி

2020 மார்ச்சில் உலகம் முழுக்க ஒரே மாதிரி படங்களை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். 'கோவிடைத் தவிர்க்க முடியாது' என்று ஓர் அறிக்கை முடிந்தால், இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் நிற்பவர் அதை வைத்து என்ன செய்வார்? அவருக்குத் தேவை ஒரே முடிவு: தொற்று வார்டா, பொது வார்டா. வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் அந்த மாதத்திலேயே நான்கு வகைச் சொற்களைப் பரிந்துரைத்தது: வழக்கமான தோற்றம், தெளிவற்றது, பொருந்தாதது, நிமோனியா இல்லை. நெதர்லாந்துக்காரர்கள் கோ-ராட்ஸ் என்ற எண் வரிசையைக் கொண்டுவந்தார்கள். 1 என்றால் சந்தேகம் மிகக் குறைவு, 5 என்றால் மிக அதிகம். சரியாகப் பதிவாகாத ஸ்கேனுக்கு 0, ஏற்கெனவே ஆர்டி-பிசிஆரில் உறுதியானவருக்கு 6. இந்தப் பெருந்தொற்றில் கதிரியல் துறை அவசரப் பிரிவுக்குச் செய்த ஆகப் பெரிய உதவி எந்தக் கருவியும் கிடையாது, இந்தச் சொல் ஒழுங்குதான் என்பேன்.

அதே சமயம் ஓர் இழப்பும் நேர்ந்தது. படம் படிப்பவர்களைக் கூட்டமில்லாமல் வைக்க, பல மருத்துவமனைகள் அவர்களுக்கு வீட்டிலேயே கணினித் திரைகளை அமைத்துக் கொடுத்தன. படம் படிக்க அது போதும். ஆனால் அவசரப் பிரிவு மருத்துவர் ரேடியாலஜி அறைக்கு நடந்து வந்து, 'இவர் மூன்று நாளாக வாந்தி எடுக்கிறார், இந்த இடத்தை இன்னொரு தடவை பாருங்களேன்' என்று சொல்லி ஒரே திரையை இருவரும் பார்ப்பது நின்றுபோனது. கோரிக்கைச் சீட்டில் 'வயிற்று வலி' என்று இரண்டே சொல் இருக்கும். மீதி விவரம் அந்த நடையில்தான் வந்து சேரும். வீட்டிலிருந்து படிக்கும் ஏற்பாடு பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. அங்கெல்லாம் ஒரு நேரடிப் போன் எண்ணாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரேயைப் பார்த்தே கோவிடைக் கண்டுபிடிக்கும் என்று நூற்றுக்கணக்கில் கணினி நிரல்கள் வந்தன. 2021 மார்ச்சில் வெளியான ஒரு மதிப்பாய்வு, தரச் சோதனையில் தேறிய 62 ஆய்வுகளை எடுத்து ஆழமாக அலசியது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தகுந்தது ஒன்றுகூட இல்லை என்று முடித்தது. பல நிரல்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது கோவிட் படங்கள் ஓரிடத்திலிருந்தும், கோவிட் இல்லாத படங்கள் வேறோர் இடத்திலிருந்தும் வந்திருந்தன. சிலவற்றில் கோவிட் இல்லாத படங்கள் குழந்தைகளுடையவை. நிரல் நோயைக் கற்கவில்லை. குழந்தையா பெரியவரா, எந்த மருத்துவமனை, படுத்து எடுத்ததா நின்று எடுத்ததா என்பதைக் கற்றுக்கொண்டது.

2022: ஷாங்காயில் ஓர் ஆலை

முதல் அலை ஓய்ந்து இரண்டு ஆண்டு கழித்து, ஸ்கேன் அறையைப் பெருந்தொற்று வேறொரு வாசல் வழியாகத் தாக்கியது. 2022 வசந்தத்தில் ஷாங்காய் நகரம் ஊரடங்கில் மூடப்பட்டது. ஜி.இ. ஹெல்த்கேர் நிறுவனத்தின் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்து ஆலை ஒன்று அங்கேதான் இருந்தது. உற்பத்தி தடைபட, அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் மருத்துவமனைகள் கையிருப்பை எண்ணத் தொடங்கின. கோவிட் நோயாளி ஒருவர்கூட இல்லாத அவசரப் பிரிவிலும் இப்போது பங்கீடு.

நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, பெருந்தமனிக் கிழிசல், பக்கவாதம், பெரிய விபத்து. இவற்றுக்குக் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஆகாது. அதனால் மற்றவற்றில் மிச்சம் பிடித்தார்கள். சிறுநீரகக் கல்லுக்கு எப்போதும் மருந்தில்லாத ஸ்கேனே போதும். குடல்வால் சந்தேகத்தில் முதலில் அல்ட்ராசவுண்ட். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதை விட்டுவிட்டு உடல் எடைக்கு ஏற்ற அளவு. பெரிய குப்பிகளை மருந்தகத்தில் கிருமி நீக்கிய சூழலில் சிறு அளவுகளாகப் பிரித்து, கீழே கொட்டுவதைத் தவிர்த்தார்கள். இயற்பியலும் உதவிக்கு வந்தது. அயோடின் குறைந்த ஆற்றல் கதிர்களை அதிகம் உறிஞ்சும் என்பதால், குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100க்கோ 80க்கோ இறக்கினால் அதே மருந்து இன்னும் பிரகாசமாகத் தெரியும். ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்குக் குறைந்த மருந்திலேயே தெளிவான படம் கிடைத்துவிடும்.

இந்த வழிகள் எல்லாம் 2019லும் தெரிந்தவைதான். கையில் மருந்து தாராளமாக இருந்ததால் யாரும் தேடிப் போகவில்லை. ஒரு மருத்துவமனை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. தன் சி.டி. அறையில் மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது என்ற எண். அந்த எண்ணை இதுவரை யாரும் அளக்கவில்லை என்றால், அளக்க ஒரு தேதி. கருவி இரண்டு இருந்தால் தொற்றுக் காலத்தில் எது யாருக்கு. கான்ட்ராஸ்ட் கையிருப்பு பாதியாகக் குறையும் நாளில் எந்தெந்த ஸ்கேன் முதலில் நிற்கும், அதை முடிவு செய்பவர் யார். அந்தத் தாள் ரேடியாலஜித் துறையின் கோப்பில் மட்டும் இருந்தால் பயனில்லை. அவசரப் பிரிவில் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுகிற மேசையிலும் ஒரு பிரதி ஒட்டியிருக்க வேண்டும்.